வாஷ்பேசினுக்குக் கீழே ஈரம்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. பஸ் டிப்போவில் நேரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பஸ் பிந்தினால் நான்தான் றோட்டுக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். சாரதி வெற்றிலை போட்டுக்கொண்டு ஆறுதலாக, அவசரமில்லாமல் நிற்பார். ஓய்வு பெற்ற பிறகு கவலைப்படப் பஸ் இல்லாமல் போனது. அதனால் வீட்டில் உள்ளவற்றைப் பிடித்துக்கொண்டேன். கேத்திலில் தண்ணீர் ஏன் இன்னும் கொதிக்கவில்லை, உடுப்பு ஏன் இன்னும் காயவில்லை, தபால்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பேன். "உந்த அந்தரம் உங்களோடை பிறந்தது" என்பாள் மனைவி. பதற்றம், அவசரம், இருப்புக்கொள்ளாமை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்தான்.

போன வருடம் மாரி முடிந்த கையோடு அவள் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து, உள்ளே உலோகம் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா நடப்பா. நடக்கப் பழக்கவேணும். ஆனால் இன்னொருக்கா விழக்கூடாது. விழுந்தால் பிறகு கட்டில்தான்" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி என் காதில் ஏறவில்லை. கட்டில்தான் என்பதை மட்டும் தூக்கிக்கொண்டு கோப்பாயில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் படுக்கையறையோடு ஒட்டி ஒரு குளியலறை இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகள் பிள்ளைகளோடு வந்தால் நிற்க வசதியாக இருக்கட்டும் என்று கட்டுவித்தது. கொமட், சுவரில் பூட்டிய வாஷ்பேசின், அதற்கு மேலே கண்ணாடி, நிலத்துக்கு மினுங்கும் வெள்ளை ஓடு. அந்த ஓடுகளை மகளே போனில் படம் பார்த்துத் தெரிவு செய்தாள். கட்டிய பிறகு அவள் ஒரேயொரு முறை வந்து நின்றுவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் வழக்கம்போலக் கிணற்றடியில் குளித்துக்கொண்டு அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். மனைவி விழுந்த பிறகுதான் அது எங்களுக்கு உதவியது. அவளுக்குக் கிணற்றடி தூரம், இது கட்டிலிலிருந்து கூப்பிடு தொலைவுகூட இல்லை.

ஒருநாள் சுன்னாகம் சந்தைக்குப் போய் மரக்கறியோடு திரும்பி, கால் கழுவ உள்ளே போனேன். பேசினுக்குக் கீழே நிலம் ஈரமாகக் கிடந்தது. அந்த மினுங்கும் ஓட்டில் தண்ணீர் கிடப்பது கண்ணுக்கே தெரியாது. என் கால் வழுக்கியதால் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதில் அவள் கால் வைத்திருந்தால்?

"நீர் எழும்பினீரோ?" என்று அறையை நோக்கிக் கத்தினேன்.

"நான் ஏன் எழும்புறன்? படுத்துத்தான் கிடக்கிறன்" என்றாள் கட்டிலில் இருந்து.

துடைத்தேன். அடுத்த நாளும் அதே இடத்தில் ஈரம். அன்றைக்கு எனக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பேசினுக்குக் கீழே உள்ள சமாச்சாரம் பெரிய விஷயமில்லை. சுவரில் ஒரு வால்வு. அதிலிருந்து மேலே தண்ணீர் திறக்கும் பைப்புக்கு வளையும் குழாய் ஒன்று போகிறது, இரு முனையிலும் நட்டு. கழிவுத் தண்ணீர் போக வேறொரு குழாய். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, கீழே பழைய பேப்பர் விரித்து, நிலத்தில் மல்லாந்து படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். பைப்பைத் திறந்தேன், மூடினேன். பேசினை நிறைத்து ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு பூட்டையும் காய்ந்த விரலால் தடவினேன். ஒரு சொட்டு இல்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். கடன் கொடுத்தவரைக் கண்டவன் ஒளிவதுபோல அந்தத் தண்ணீர் என்னைக் கண்டு ஒளிந்துகொண்டது. பேப்பர் காய்ந்தபடி கிடந்தது.

பொறுமை போய், மரையில் சுற்றும் வெள்ளை நாடா வாங்கச் சுன்னாகத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பேப்பர் நனைந்து நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது.

எங்கள் குடாநாட்டில் எது பழுதானாலும் முதலில் குற்றவாளியாவது கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலில் வெள்ளை படிந்தால் சுண்ணாம்பு, தலைமயிர் கொட்டினால் சுண்ணாம்பு, சிறுநீரகத்தில் கல் வந்தாலும் சுண்ணாம்பு. நானும் அதைத்தான் பிடித்தேன். குழாயைக் கழற்றிப் பார்த்தபோது வாயில் வெள்ளையாகத் தடித்துப் போயிருந்தது. சரி, ஆள் அகப்பட்டான் என்று ஒரு கோப்பையில் பழப்புளியைக் கரைத்து நட்டுகளை ஊறப் போட்டேன்.

"இஞ்சாருங்கோ, உதென்ன புளி மணம்?" என்று அறையில் இருந்து குரல் வந்தது.

"பைப்புக்கு."

"பைப்புக்கோ? அப்ப குழம்புக்கு என்ன செய்யிறது?"

"உது சுண்ணாம்புத் தண்ணியின்ரை வேலை. உமக்கு விளங்காது."

"எனக்கு என்னத்தைத்தான் விளங்குது" என்று அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். சுண்ணாம்பை நீக்கி, புது ரப்பர் வாசர் போட்டு, நாடா சுற்றி இறுக்கினேன். அன்று முழுக்க ஒழுகவில்லை. மறுநாள் நான் மருந்து எடுக்கப் போய்வந்த இடைவெளியில் ஒழுகியிருந்தது.

குழாய் வேலை செய்பவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பேசினைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே போய் அண்ணாந்து தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். "ஐயா, தாங்கியை நல்லா உயத்தி வைச்சிட்டியள். தண்ணி அமத்துது. அரைவாசி மட்டும் நிரப்புங்கோ" என்று தீர்ப்புச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மோட்டரைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி நின்று தாங்கிக்குள் எட்டிப் பார்ப்பதும் என் வேலையானது. அரைத் தாங்கித் தண்ணீரும் ஒழுகத்தான் செய்தது.

இதற்கிடையில் நடைப் பழக்கம் வேறு. ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பிள்ளை வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாள். வோக்கரைப் பிடித்து எழும்பவேண்டும், அசையாத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கவேண்டும், மெல்லக் குந்துவதுபோல் பதிந்து எழும்பவேண்டும், பிறகு பிடிக்காமல் நடக்கவேண்டும். மனைவி எழும்புவாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அவள் காலைத் தூக்குமுன் என் வாய் திறந்துவிடும். "பாத்து! பாத்து! அந்தப் பக்கம் சரியிறீர்! ஐயோ, கதிரையைப் பிடியும்!" அவள் அப்படியே நின்று என்னைப் பார்ப்பாள். பிறகு கட்டிலில் குந்திவிடுவாள். "இண்டைக்குக் காணும், போதும்" என்பாள். நாளாக நாளாக அந்த "இண்டைக்குக் காணும்" முன்னதாகவே வரத் தொடங்கியது. கடைசியில் அவள் எழும்புவதையே விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மகள் போனில் முகத்தைக் காட்டி விசாரிப்பாள். "அம்மா நடக்கிறாவே?"

"நடப்பன் பிள்ளை" என்பாள் இவள்.

மகள் என்னைக் கூப்பிடுவாள். "அப்பா, பாத்ரூம் நிலம் காஞ்சிருக்கோணும். விளங்குதோ? அதுதான் முக்கியம்."

எனக்கு விளங்காமலா? இரவில் படுத்தாலும் அந்த நிலம்தான் கண்ணுக்குள் நிற்கும். எனக்குப் பயம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. அவள் விழுந்துவிடுவாள், பிறகு எழும்பவே மாட்டாள், இந்த வீட்டில் அவளுடைய குரல் கட்டிலில் இருந்து மட்டும்தான் வரும் என்ற பயம். அந்தப் பயத்தோடு சண்டை பிடிக்க எனக்குத் தெரியவில்லை. பைப்போடு பிடித்தேன்.

ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று தடம் பார்த்தால் போதும் என்று ஒருநாள் புத்தி ஓடியது. சாமியறைக்குப் போய்த் திருநீற்றுப் பேணியை எடுத்துவந்தேன். குழாய், நட்டு, வால்வு, கழிவுக்குழாய் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டுத் திருநீற்றை ஊதிப் பூசினேன். தண்ணீர் எந்த வழியால் இறங்குகிறதோ அந்த வழி கோடாகத் தெரியும்.

திருநீற்று மணம் அவளுக்கு எட்டிவிட்டது. "உங்களுக்கென்ன விசரே? கக்கூசு பைப்புக்கே திருநீறு பூசுறியள்?"

"கக்கூசு இல்லை, பேசின்."

"சாமியைக் கண்டாவது ஒழுக்கு நிக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது குறைவு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எண்ணெய் வாங்க வெளியே போய்வந்து பார்த்தேன். திருநீறு பலித்திருந்தது. வளையும் குழாயின் மேல் முனை, பைப்போடு சேரும் நட்டில் இருந்து ஒரு ஈரக்கோடு தெளிவாக இறங்கியிருந்தது. வேறெங்கும் இல்லை. எனக்கு ஒரே புளுகமும் சந்தோஷமும். குழாய்தான் பழுது. உடனே கழற்றி, மாதிரிக்குக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி சுன்னாகம். அதே நீளத்தில் புதிய குழாய் வாங்கிவந்து பூட்டினேன். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்று அனுப்பினாள். அடுத்த நாள் காலை நான் கடைக்குப் போய்வந்தபோது புதிய குழாய்க்குக் கீழே பழைய ஈரம் கிடந்தது.

ஸ்பானரை நிலத்தில் எறிந்தேன். ஓடு ஒன்றின் மூலை உடைந்தது. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து யோசித்தேன். நான் வீட்டில் நிற்கும்போது ஒழுகவில்லை. ஒருபோதும் இல்லை. நான் வாசல் படலையைத் தாண்டினால் ஒழுகுகிறது. ஒழுக்கைத் திருத்தச் சாமான் வாங்கப் போன நேரங்களில்தான் நன்றாக ஒழுகியிருக்கிறது. டிப்போவில் என்றால் இப்படி ஒரு கணக்கு வந்தால் எவனோ ஒருவன் எங்கள் கண்ணில் மண் தூவுகிறான் என்று உடனே சொல்லிவிடுவேன். வீட்டில் யாரைச் சொல்வது? அவளைத் தூக்கி நிறுத்தவே என் இரண்டு கையும் வேண்டும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரநாய் வருகிறதா, பக்கத்து வீட்டுப் பூனை யன்னலால் குதிக்கிறதா என்றெல்லாம் யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. மறுநாள் காலை, "சுன்னாகம் போட்டு வாறன், சுணங்கும், வர நேரமாகும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். சந்தியில் இருக்கும் கடையோரம் அதை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்தேன். முன் படலையால் போகவில்லை, பின் வேலியில் ஓலை பிரிந்த பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்தேன். சொந்த வீட்டுக்குக் கள்ளனைப்போலப் போவது அதுதான் முதல் தடவை. குசினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கட்டிலில் ஆள் இல்லை.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் வோக்கர் நின்றது. உள்ளே அவள் பேசினை இரண்டு கையாலும் பிடித்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். வலது காலைத் தூக்கினாள். வைத்தாள். இடது காலைத் தூக்கினாள், அதுதான் விழுந்த பக்கத்துக் கால், அது கொஞ்சம்தான் உயர்ந்தது. வைத்தாள். பிறகு முழங்காலை மடித்து, பாரம் முழுவதையும் பேசினில் போட்டு, மெல்லப் பதிந்தாள். பதியும்போது பேசின் சுவரை விட்டு ஒரு நூல் அளவு முன்னால் சரிந்து இறங்கியது. மேல் நட்டில் இருந்து தண்ணீர் பளிச்சென்று கசிந்து குழாய் வழியே ஓடி விழுந்தது. அவள் எழும்பினாள், பேசினும் எழும்பியது, தண்ணீர் நின்றது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பேசின் ஆடுகிறது! சுவரில் பூட்டிய போல்ட் தளர்ந்துவிட்டது. குழாய் கட்டை, நீளம் போதாது. பேசின் சரியும்போது குழாய் இழுபட்டு நட்டை நெம்புகிறது. நான் அதன் கீழே படுத்தேன், முன்னால் குந்தினேன், திருநீறு பூசினேன். ஒரு தடவைகூட அதில் சாய்ந்து நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்குமேல் நிற்கவில்லை. அவள் மறுபடி பதிந்தாள், மறுபடி தண்ணீர் விழுந்தது. ஓடு மினுங்கியது. தண்ணீர் பரவி அவளுடைய வெறுங்காலின் குதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் அவள் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் விழுவாள். கத்தாவிட்டால் அந்தக் காலைத் தூக்கித் தண்ணீரில் வைப்பாள். என் வாழ்நாளில் இப்படி ஒரு இடத்தில் நான் அகப்பட்டதில்லை. கை கால் எல்லாம் ஓடிப் பிடி, ஓடிப் பிடி என்று துடித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடியில் என்னைக் கண்டாள். திடுக்கிடவில்லை.

"சத்தம் போடாதேங்கோ" என்றாள் மெதுவாக.

"காலடியிலை தண்ணி." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும். ஒவ்வொரு நாளும் இருக்கிறதுதானே. துடைச்சுவிடுங்கோ."

கதவில் தொங்கிய துவாயை எடுத்து, முழந்தாளில் நின்று அவளுடைய காலைச் சுற்றித் துடைத்தேன். அவள் அசையாமல் நின்றாள். துடைத்து முடித்ததும் எழும்பி இரண்டு கையையும் அவளிடம் நீட்டினேன்.

"பிடியாதேங்கோ."

"விழப் போறீர்."

"நீங்கள் பிடிச்சால் உங்கடை நடுக்கம் என்ரை காலுக்கு வருது. தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றேன். அவள் பேசினில் இருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். சுவரைத் தொடுவதும் விடுவதுமாகக் கதவுக்கு வந்தாள். வாசலில் நின்ற வோக்கரைக் கையால் ஒதுக்கினாள். கதவிலிருந்து கட்டில் வரைக்கும் பிடிக்க எதுவும் இல்லை. அந்த வெட்டைவெளியை அவள் ஒன்றையும் பிடிக்காமல் நடந்தாள். நான் வோக்கரைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். "பாத்து" என்ற சொல் தொண்டையில் வந்து வந்து போனது. கட்டிலில் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் நடந்துவிட்டாள் என்று எனக்குப் பிடிபட அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பேசின் ஆடுது. ஒருக்கா இறுக்கிவிடுங்கோ" என்றாள்.

"உமக்கு முதலே தெரியுமே?"

"முதல் நாளே தெரியும்."

"நான் புளி கரைச்சு, திருநீறு பூசி, தாங்கியிலை ஏறி... ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால், ஏன் ஆடுதெண்டு கேட்டிருப்பியள். பிறகு நான் எங்கை பிடிச்சு நிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. வீட்டில் அவள் பயப்பட்டது ஈர நிலத்துக்கு இல்லை, எனக்கு. நான் காவல் நின்ற நேரமெல்லாம் அவள் படுத்துக் கிடந்திருக்கிறாள். நான் தொலைந்த நேரமெல்லாம் நடந்திருக்கிறாள். ஸ்கூட்டரை எடுக்கச் சந்திக்குப் போனேன்.

அன்றைக்கே சுவரில் ஆழமாகத் துளைத்து, தடித்த போல்ட் போட்டுப் பேசினை இறுக்கினேன். நீளமான குழாய் பூட்டினேன். இந்த முறை என் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு சொட்டும் விழவில்லை. அவள் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடித்து முடிந்ததும் நான் வழக்கம்போல இருப்புக்கொள்ளாமல் அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். பார்ப்பதற்கு ஒழுக்கும் இல்லை. அவள் கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"இண்டைக்குக் குளியலறையோடை நிக்கமாட்டன். விறாந்தை வரைக்கும் போய்ப் பாக்கப் போறன்."

"நான்..."

"நீங்கள் சுன்னாகம் போட்டு ஆறுதலா வாங்கோ."

போனேன். சந்தைக்குள் வெங்காயம் குவித்திருந்த இடத்தில் போய் நின்றேன். வீட்டில் எல்லாம் இருந்தது, வாங்க ஒன்றும் இல்லை. போனைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தேன், வைத்தேன். இப்போது கதவடிக்கு வந்திருப்பாள். இப்போது விறாந்தைப் படி. அந்தப் படியில் பிடிக்க எதுவும் இல்லை. திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தேன், காலை மண்ணில் ஊன்றிக்கொண்டேன். சனம் இடித்துக்கொண்டு போனது. நான் நிற்பதைக் கன நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த வெங்காயக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"ஐயா, என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம் தம்பி" என்றேன். "மனிசி வீட்டிலை நடக்கிறா."